ஊருக்கு ஒருவராக இருக்கும் குழு: இணையத்தில் கூடிப் பணிசெய்யவும் கற்கவும் ஒரு வழிகாட்டி

1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் எவரும் விலையின்றிப் படிக்கும்படி வழங்கியது. அதன் தலைவர் கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருந்தார். துணைத்தலைவர் குமார் மல்லிகார்ச்சுனன் அமெரிக்காவில் இருந்தார். தட்டச்சு செய்தவர்களும் மெய்ப்புப் பார்த்தவர்களும் பல நாடுகளில் இருந்தார்கள். பலர் ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய ஆவணங்களோ, கைப்பேசியில் நடக்கும் காணொளிக் கூட்டங்களோ அன்று இல்லை. மின்னஞ்சலை நம்பியே நூல் நூலாக வேலை நடந்தது. அது நடந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு என்பது என் கணிப்பு. ஒருவர் தம் வீட்டிலிருந்தபடியே, மற்றவரைக் காத்திருக்க வைக்காமல் முடித்துவிடக்கூடிய துண்டுகளாக அந்த வேலை பிரிந்து கிடந்தது. நடந்த பேச்செல்லாம் மின்னஞ்சலில் எழுத்தாகவே நடந்ததால், பிறகு வந்தவரும் அதைத் தேடிப் படிக்க முடிந்தது.

இன்று கருவிகளுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த இரண்டு காரணங்களையும் பல குழுக்கள் தவறவிடுகின்றன. கோயம்புத்தூர், யாழ்ப்பாணம், சிங்கப்பூர், சூரிக், டொராண்டோ என்று ஊருக்கு ஒருவராக உறுப்பினர்களைக் கொண்டு, பழைய நூல்களை மின்னாக்கம் செய்யும் ஒரு தன்னார்வக் குழுவை எடுத்துக்காட்டாக வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. மென்பொருள் தமிழாக்கம், பாடப்பொருள் உருவாக்கம், மொழிபெயர்ப்பு போன்ற பணிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். எந்தக் கருவியைத் தேர்ந்தாலும், எந்த வழக்கத்தை ஏற்படுத்தினாலும், அதை ஒரே சோதனைக்கு உட்படுத்திப் பாருங்கள்: நேற்று உறங்கிக்கொண்டிருந்த ஓர் உறுப்பினர் இன்று எழுந்து வந்து, எவரையும் கேட்காமல், என்ன நடந்தது என்பதையும் அடுத்துத் தாம் எதைச் செய்யலாம் என்பதையும் அறிந்துகொள்ள முடிகிறதா?

முதலில் வேலையைப் பிரியுங்கள்

கருவியைத் தேடுவதற்கு முன், ஒருவர் ஒரே அமர்வில் முடிக்கக்கூடிய சிற்றலகு எது என்று தீர்மானியுங்கள். நூல் மின்னாக்கத்தில் அது பெரும்பாலும் ஒரு பக்கம். தமிழாக்கத்தில் அது ஒரு தொடர் அல்லது ஒரு திரையில் வரும் சொற்கள். பாடத்தில் அது ஒரு பயிற்சி. ‘இரண்டாம் அத்தியாயத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒருவரிடம் கொடுத்தால், அவர் பாதியில் நின்றுவிடும்போது எதுவரை முடிந்தது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். பக்கம் பக்கமாகக் கொடுத்தால், அவர் நின்ற இடத்திலிருந்து இன்னொருவர் மறுநாளே தொடரலாம்.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த அமைப்பு, அச்சு நூல்களைத் தன்னார்வலர்கள் எழுத்தாக்கி இணையத்தில் வைக்கும் தளமான தமிழ் விக்கிமூலத்தில் உள்ளது. அச்சு நூலின் வருடல் (ஸ்கேன் படம்) ஒரு பிடிஎஃப் கோப்பாக, விக்கித் திட்டங்களின் பொதுக் கோப்புக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றப்படுகிறது. பிறகு விக்கிமூலத்தில் அந்த நூலுக்கு ஓர் அட்டவணைப் பக்கம் அமைகிறது; அதில் நூலின் ஒவ்வொரு பக்கமும் ஓர் எண்ணாகத் தெரியும். எண்ணைச் சொடுக்கினால் ஒருபுறம் அச்சுப் பக்கத்தின் படமும் மறுபுறம், படத்திலுள்ள எழுத்துகளைக் கணினி உரையாக மாற்றும் எழுத்துணரி தந்த உரையும் வரும். மெய்ப்புப் பார்க்கப்படாத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்து முடித்தது மஞ்சள், இரண்டாமவர் சரிபார்த்தது பச்சை, ஏதேனும் சிக்கல் உள்ளது நீலம், உரை இல்லாத வெற்றுப் பக்கம் சாம்பல். தாம் மஞ்சளாக்கிய பக்கத்தைத் தாமே பச்சையாக்க மென்பொருள் அனுமதிப்பதில்லை. ஆக, கூட்டமோ அறிக்கையோ ஒருங்கிணைப்பாளரின் நினைவூட்டலோ இல்லாமலே, அட்டவணையைத் திறந்த எவருக்கும் நூலின் நிலை ஒரு பார்வையில் விளங்கிவிடுகிறது; இருவர் கண் பட்டாக வேண்டும் என்ற தரக்கட்டுப்பாடும் கருவிக்குள்ளேயே அமைந்துவிடுகிறது.

உங்கள் பணி விக்கிமூலத்துக்குப் பொருந்தாததாக இருந்தால், ஒரு கூகுள் விரிதாளிலேயே இதைச் செய்துகொள்ளலாம். ஒவ்வொரு அலகுக்கும் ஒரு வரிசை கொடுத்து, அலகின் பெயர், எடுத்தவர், எடுத்த நாள், நிலை, சரிபார்த்தவர், குறிப்பு என்று பத்திகளை அமையுங்கள். நிலைக்கான சொற்களைக் கீழிறங்கு பட்டியலாக வைத்துவிட்டால், ஒருவர் ‘முடிந்தது’ என்றும் இன்னொருவர் ‘முடித்தாயிற்று’ என்றும் எழுதி வடிகட்ட முடியாமல் போகும் தொல்லை இராது. அட்டைகளை நகர்த்தி வேலை பார்க்க விரும்புபவர்கள் ட்ரெல்லோ போன்ற பலகையை நாடலாம். ஆனால் சில நூறு அலகுகளைத் தாண்டினால் பலகையைவிட விரிதாளே வசதி.

எடுத்த வேலையைத் திருப்பித் தருவதற்கும் ஒரு விதி வேண்டும். தன்னார்வலர்களுக்குத் தேர்வு வரும், வீட்டில் விசேஷம் வரும், உடல்நலம் கெடும். எடுத்த நாளிலிருந்து இரண்டு வாரங்களில் நிலை மாறாவிட்டால் அந்த அலகு தானாகவே பொதுவுக்குத் திரும்பிவிடும் என்று முதலிலேயே எழுதி வைத்துவிட்டால், யாரும் யாரிடமும் காரணம் கேட்க வேண்டியதில்லை, சொல்ல வேண்டியதுமில்லை. வெட்கப்பட்டுக் குழுவை விட்டே விலகிப் போகிறவர்களில் பலரை இந்த ஒரு விதி தக்கவைக்கும்.

நான்கு இடங்கள் போதும்

ஒரு குழுவுக்குப் பேச ஓரிடம், வேலை செய்ய ஓரிடம், வேலைப் பட்டியலுக்கு ஓரிடம், முடிவுகளையும் கோப்புகளையும் சேர்த்துவைக்க ஓரிடம் என நான்கு இடங்கள் போதும். ஒரே கருவி இவற்றில் இரண்டுக்கு உதவினால் இன்னும் நல்லது. ஐந்தாவதாக ஒரு கருவியை எவரேனும் ஆர்வத்தோடு பரிந்துரைத்தால், அது இந்த நான்கில் எதை நீக்கும் என்று கேளுங்கள். எதையும் நீக்காது என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பேசும் இடமாக வாட்ஸ்அப் இயல்பாகவே வந்துவிடுகிறது. அதைத் தடுக்கவும் முடியாது. வாட்ஸ்அப் குழு தேநீர்க் கடை வாசலைப் போன்றது: செய்தி அங்கே விரைவாகப் பரவும், ஆனால் பேசி முடித்த கணக்கை அங்கே யாரும் எழுதி வைப்பதில்லை. நேரம் வேறுபட்ட ஊரில் இருப்பவர் காலையில் திறக்கும்போது இருநூறு செய்திகள் கிடக்கும்; அவற்றுள் வாழ்த்துகள் எவை, முடிவு எது என்று பிரித்தறிவதற்குள் அவருக்கு அலுப்புத் தட்டிவிடும். ஆகவே அறிவிப்பு, நினைவூட்டல், நலம் விசாரிப்பு ஆகியவற்றுக்கு வாட்ஸ்அப் இருக்கட்டும். எந்த முடிவும் வாட்ஸ்அப்பில் எடுக்கப்பட்டதாகக் கருதப்படாது என்று அறிவித்துவிடுங்கள். ஸ்லாக் போன்ற அலுவலகக் கருவியைத் தலைப்பு வாரியாகப் பேசுவதற்கு எடுத்துக்கொள்ளும் குழுக்கள், அதன் இலவசத் திட்டத்தில் 90 நாட்களுக்கு முந்தைய செய்திகளைப் பார்க்க முடியாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு முன் ஏன் அப்படித் தீர்மானித்தோம் என்ற கேள்விதான் ஒரு குழுவில் மிக அடிக்கடி எழும் கேள்வி. பழமையானதாகத் தோன்றினாலும் மின்னஞ்சல் குழுமம் இந்த வகையில் இன்னும் உறுதியானது: தலைப்பு உண்டு, தேடலாம், பத்தாண்டு கழித்தும் படிக்கலாம். விக்கித் திட்டங்களில் பணிபுரிபவர்களுக்கு ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கமே உள்ளது; மரத்தடியில் பேசியதெல்லாம் அங்கேயே பதிவாகிக் கிடக்கும்.

வேலை செய்யும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, குழுவில் மிக எளிய கைப்பேசி வைத்திருப்பவரிடம் அதைக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். கணினி இல்லாமல் கைப்பேசியிலேயே முழு வேலையும் செய்யும் உறுப்பினர்கள் தமிழ்க் குழுக்களில் எப்போதும் உண்டு. பெரிய திரையில் அழகாகத் தோன்றும் பலகை, அவர்கள் கையில் ஓர் அங்குலச் சாளரமாகச் சுருங்கிவிடும். கூகுள் ஆவணம் பெரும்பாலான எழுத்துப் பணிகளுக்குப் போதுமானது. அதில் பலரும் பயன்படுத்தாமல் விட்டுவிடும் இரண்டு வசதிகள் உள்ளன. ஒன்று, பரிந்துரை நிலை: மற்றவர் எழுதியதை நேரே மாற்றாமல், மாற்றத்தை முன்மொழிந்து, எழுதியவர் ஏற்கவோ மறுக்கவோ விடலாம். மற்றொன்று, பதிப்பு வரலாறு: யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைப் பார்க்கலாம்; கெட்டுப்போனதை முந்தைய நிலைக்கு மீட்கலாம். கணக்கு தொடங்கவே தயங்குபவர்கள் உள்ள குழுவாக இருந்தால், ஈதர்பேடு என்ற திறமூல (மூலநிரல் எவருக்கும் திறந்திருக்கும்) எழுதுபலகை உதவும். இணைப்பைத் திறந்தவுடன் எழுதத் தொடங்கலாம், ஒவ்வொருவர் எழுத்தும் ஒவ்வொரு நிறத்தில் தெரியும். மென்பொருள் தமிழாக்கக் குழுக்களுக்கு வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளம் இருக்கிறது. அதில் கலைச்சொல் தொகுப்பு, ஒரே தொடர் முன்னர் எவ்வாறு மொழிபெயர்க்கப்பட்டது என்ற நினைவகம், பிறர் தரும் பரிந்துரை ஆகியவை சேர்ந்தே வருகின்றன.

தமிழ்க் கோப்புகளில் ஒரு தனித் தொல்லை

பிற மொழிக் குழுக்களுக்கான வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இராது. ஆனால் பல நாடுகளில் உள்ள தமிழர்கள் சேர்ந்து வேலை செய்தால் முதல் வாரத்திலேயே இது தலைகாட்டும். ஒருவர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை அனுப்புவார். அந்த எழுத்துரு இல்லாதவர் கணினியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். இன்னொருவரிடம் தாப், தாம், திஸ்கி என்ற பழைய குறியேற்றங்களில் (எழுத்துகளைக் கணினியில் பதியும் முறைகளில்) இருபது ஆண்டுக்கு முந்தைய கோப்புகள் இருக்கும். குழுவின் பொது இடத்துக்குள் நுழையும் எந்தக் கோப்பும் ஒருங்குறியில் (யூனிகோடில்) மட்டுமே இருக்க வேண்டும் என்று விதி செய்து, குறியேற்ற மாற்றியின் இணைப்பை அந்த விதியின் கீழேயே கொடுத்துவிடுங்கள். எந்த விசைப்பலகையில் தட்டச்சு செய்கிறார்கள் என்பதில் குழு தலையிட வேண்டியதில்லை. தமிழ்99 பழகியவரும் ஒலிபெயர்ப்பு முறையில் அடிப்பவரும் ஒரே ஒருங்குறியைத்தான் உருவாக்குகிறார்கள்.

ஒருங்குறிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் உண்டு. ‘ஔவை’ என்ற சொல்லை ஔகாரத்தில் எழுதாமல், ஒகரமும் ளகரமும் சேர்த்து ‘ஒளவை’ என்று எழுதுபவர்கள் பலர். பார்வைக்கு ஒன்றாகவே தோன்றும், ஆனால் தேடினால் ஒன்று கிடைத்து மற்றொன்று கிடைக்காது. ‘கௌரவம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் இடுவதும் இதே வகை. துணைக்காலுக்குப் பதிலாக ரகரத்தை எழுத்துணரி வாசித்துவிடுவதும், அதைக் கண் பழக்கத்தால் நாம் கவனியாமல் கடப்பதும் அன்றாட நிகழ்ச்சி. இத்தகைய பிழைகளை ஒரே பக்கத்தில் பட்டியலிட்டு, எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள். கோப்புப் பெயர்களுக்கும் ஓர் ஒழுங்கு தேவை: ‘இறுதி’, ‘இறுதி புதியது’ என்று பெயரிடுவதைவிட, ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-03-14 என்று தொடங்கினால் கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும், 03-04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்று அமெரிக்காவில் இருப்பவரும் இந்தியாவில் இருப்பவரும் வெவ்வேறாகப் புரிந்துகொள்ளும் குழப்பமும் தீரும்.

நேரக் கணக்கு

இந்தியாவும் இலங்கையும் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே இருக்கின்றன. சிங்கப்பூரும் மலேசியாவும் எட்டு மணி நேரம். இந்த நான்கு நாடுகளிலும் கடிகாரத்தை ஆண்டின் இடையில் மாற்றுவதில்லை. ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றில் மாற்றுகிறார்கள். அதுவும் ஒரே நாளில் அல்ல. கனடாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலான பகுதிகளில் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரம் முன்னே நகர்கிறது, ஐரோப்பாவில் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்று நகர்கிறது. இடைப்பட்ட அந்த இரண்டு மூன்று வாரங்களில் டொராண்டோவுக்கும் லண்டனுக்கும் இடையிலான வழக்கமான ஐந்து மணி நேர வேறுபாடு நான்காகிவிடுகிறது. பின்னோக்கி நகர்த்துவது ஐரோப்பாவில் அக்டோபரின் கடைசி ஞாயிறு. வட அமெரிக்காவில் நவம்பரின் முதல் ஞாயிறு. கூட்டத்துக்கு ஆள் வரவில்லை என்று வருத்தப்படும் ஒருங்கிணைப்பாளர்கள் முதலில் நாட்காட்டியில் இந்த வாரங்களைப் பார்ப்பது நல்லது.

எனவே கூட்ட நேரத்தைக் கடிகாரம் மாறாத நாட்டின் நேரத்தில் நிலைநிறுத்துங்கள். சனிக்கிழமை இந்திய நேரம் இரவு 7.30 என்று வைத்தால், சிங்கப்பூரில் இரவு 10.00, குளிர்காலத்தில் சூரிக்கில் பிற்பகல் 3.00, லண்டனில் 2.00, டொராண்டோவில் காலை 9.00. கோடைக்காலத்தில் இந்த மூன்று ஊர்களுக்கும் ஒரு மணி நேரம் கூடும். இது இந்த ஊர்களில் உள்ள எல்லோருக்கும் இயலக்கூடிய நேரம். ஆனால் சிட்னியில் அப்போது நள்ளிரவோ அதற்கு மேலோ ஆகியிருக்கும். சிட்னியில் உறுப்பினர் இருந்தால், ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் கூட்டத்தை ஞாயிறு காலை இந்திய நேரம் 6.30க்கு மாற்றலாம். சிங்கப்பூரில் அது காலை 9.00, சிட்னியில் முற்பகல் 11.00 அல்லது நண்பகல், டொராண்டோவில் சனிக்கிழமை இரவு 8.00 அல்லது 9.00. ஐரோப்பாவில் இருப்பவர்கள் அன்று உறங்கட்டும். எல்லோருக்கும் பொருந்தும் நேரம் என்று ஒன்று இல்லாதபோது, இடர்ப்பாட்டை முறை வைத்துப் பகிர்ந்துகொள்வதே நியாயம். எப்போதும் ஒரே ஊர்க்காரர் இரவு விழிக்கும் குழுவில் அந்த ஊர்க்காரர் நெடுநாள் இருக்கமாட்டார்.

அறிவிப்பில் ‘நாளை மாலை’ என்று எழுதாதீர்கள். கிழமை, தேதி, நேரம், எந்த நாட்டு நேரம் என்ற நான்கையும் எழுதுங்கள். நாட்காட்டி அழைப்பாக அனுப்பினால் அவரவர் கைப்பேசியில் அவரவர் நேரமாகவே மாறித் தெரியும்; தொடர் நிகழ்வாக உருவாக்கும்போது நேர மண்டலமாக இந்தியாவைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டம்

கூட்டத்தைக் குறைவாக வையுங்கள். எழுதிப் படித்து முடிக்கக்கூடியதைப் பேசுவதற்குக் கூட்டம் கூட்டுவது, அதில் கலந்துகொள்ள முடியாதவர்களைக் குழுவிலிருந்து மெல்லத் தள்ளி வைப்பதாகும். கருத்து வேறுபாட்டைப் பேசித் தீர்ப்பது, புதியவரை அறிமுகப்படுத்துவது, ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்துக் கற்பது ஆகிய மூன்றுக்கும் கூட்டம் வேண்டும்.

ஜூமின் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடங்களில் துண்டிக்கப்படும். கூகுள் மீட்டின் இலவசக் கணக்கில் மூவருக்கு மேற்பட்டால் ஒரு மணி நேரம். உண்மையைச் சொன்னால், இந்த வரம்புகள் குறையல்ல. 40 நிமிடத்தில் முடியாத நிகழ்ச்சிநிரல் இரண்டு கூட்டங்களுக்கு உரியது. திறமூலக் கருவியே வேண்டும் என்பவர்களுக்கு ஜிட்சி உள்ளது. அதன் பொதுத் தளத்தில் 2023 முதல் கூட்டத்தைத் தொடங்குபவர் மட்டும் ஏதேனும் ஒரு கணக்கில் உள்நுழைய வேண்டியிருக்கிறது, மற்றவர்களுக்கு இணைப்பு போதும். இணைய வேகம் குறைந்தவர்கள் காணொளியை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் வைத்துக்கொள்வதை யாரும் அவமதிப்பாகக் கருதக் கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது, நாகரிகம் கருதி வாய்திறக்காமல் தவிப்பவர்களுக்கு உதவியாக இருக்கும்.

நிகழ்ச்சிநிரலை ஒரு பகிர்ந்த ஆவணமாக இரண்டு நாள் முன்னரே திறந்து வையுங்கள்; வர இயலாதவர் தம் கருத்தை அதில் எழுதிவிட்டு உறங்கப் போகலாம். அதே ஆவணத்திலேயே, கூட்டம் நடக்கும்போதே, ஒருவர் குறிப்பெடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பு முறை வைத்து மாற வேண்டும். கூட்டம் முடிந்தவுடன் எடுத்த முடிவுகளை மட்டும் பிரித்து, முடிவேடு என்ற தனி ஆவணத்தில் தேதியோடு சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் மூன்று வரிகள் போதும்: என்ன தீர்மானித்தோம், ஏன், எதை வேண்டாம் என்று விட்டோம். விட்டதை எழுதுவது தேவையற்றதாகத் தோன்றலாம். ஆனால் ஆறு மாதம் கழித்து வரும் புதியவர் சரியாக அதையேதான் முன்மொழிவார். அவருக்கு ஒரு இணைப்பை அனுப்பினால் போதும்.

கற்றல் எப்படி நடக்கிறது

ஒரே அறையில் வேலை செய்பவர்கள், மற்றவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தே பாதியைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். சிதறிய குழுவில் அந்த வாய்ப்பு தானாக அமையாது. அதை வலிந்து உருவாக்க வேண்டும். பல குழுக்கள் இதற்கு ஒரு பயிலரங்கை நடத்தி, இரண்டு மணி நேரப் பதிவைத் தளத்தில் ஏற்றிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகின்றன. அந்தப் பதிவை முழுதும் பார்ப்பவர் அரிது.

அதைவிடப் பயன் தருவது, ஒரு பதிவு ஒரே ஒரு செயலைக் காட்டும் சிறு காணொளி. அட்டவணைப் பக்கத்திலிருந்து ஒரு பக்கத்தைத் திறந்து, அடிக்குறிப்பை எப்படி இடுவது என்று மூன்று நிமிடம். செய்யுளை வரி பிரித்து எப்படி அமைப்பது என்று நான்கு நிமிடம். ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளிலோ கைப்பேசியின் திரைப்பதிவிலோ இதை எடுத்துவிடலாம். அழகுபடுத்த நேரம் செலவிட வேண்டாம், ஏனென்றால் கருவியின் தோற்றம் மாறும்போது மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு காணொளிக்கும் கீழே அதே படிகளை எழுத்திலும் தாருங்கள். அலுவலக இடைவேளையில் ஒலியின்றிப் படிப்பவர்களும், தரவுச் செலவுக்கு அஞ்சுபவர்களும், திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் பார்வையற்ற உறுப்பினர்களும் அதையே நாடுவார்கள்.

கற்றலின் உண்மையான களம் திருத்தமே. புதியவர் மெய்ப்புப் பார்த்த முதல் ஐந்து பக்கங்களை அனுபவமுள்ள ஒருவர் சரிபார்க்கட்டும். ஆனால் பிழைகளை ஓசையின்றித் திருத்திவிட்டுப் போகக் கூடாது. விக்கியில் ஒவ்வொரு சேமிப்புக்கும் தொகுப்புச் சுருக்கம் எழுத இடம் உண்டு. ‘அச்சில் உள்ளபடி வல்லினம் மிகாமல் விட்டேன்’ என்று ஒரு வரி அங்கே எழுதிவிட்டால், வரலாற்றைத் திறந்து இரண்டு பதிப்புகளை ஒப்பிடும் புதியவருக்கு என்ன மாறியது என்பதோடு ஏன் மாறியது என்பதும் தெரிந்துவிடும். கூகுள் ஆவணமானால் பரிந்துரையின் அருகே கருத்தாக எழுதலாம். ஒரே பிழை மூன்று பேரிடம் தென்பட்டால் அது அவர்களின் குறை அல்ல, எழுத்து, அமைப்பு விதிகளைக் குழு தொகுத்து வைக்கும் நடைக்கையேட்டின் குறை. அங்கே ஒரு விதியையோ எடுத்துக்காட்டையோ சேர்க்க வேண்டும்.

ஒரு நிகழ்வைச் சொன்னால் இது விளங்கும். தமிழ்நாடு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்து ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகளின் வடிவை மாற்றியது. அதற்கு முந்தைய நூல்களில் இவை பழைய வடிவில் பிணைந்து நிற்கும். அறுபதைக் கடந்த உறுப்பினர்கள் அவற்றைத் தடையின்றி வாசிப்பார்கள். முப்பதுக்குக் கீழே உள்ளவர்கள் பழைய னையையும் ணையையும் பார்த்துத் திகைப்பார்கள். எழுத்துணரியும் அங்கேதான் அதிகம் தடுமாறும். இத்தகைய குழுவில் கற்பித்தல் ஒருவழியாக நடப்பதில்லை. மூத்தவர் பழைய அச்சை வாசிக்கக் கற்றுத் தருகிறார். இளையவர் அவருக்கு ஒருங்குறி விசைப்பலகையையும், விக்கியில் பக்கத்தை வடிவமைக்க உதவும் வார்ப்புருக்களையும் கற்றுத் தருகிறார். இருவரையும் இணைகளாக அமைத்து, வாரம் ஒரு முறை அரை மணி நேரம் திரையைப் பகிர்ந்து ஒரே பக்கத்தைச் சேர்ந்து முடிக்கச் சொல்லுங்கள். பேசிக்கொண்டே வேலை செய்யும்போது, நடைக்கையேட்டில் எவரும் எழுத நினைத்திராத நுணுக்கங்கள் வெளிவரும். அந்த அரை மணியின் முடிவில் இளையவர் தாம் அறிந்த புதிய ஒன்றைக் கையேட்டில் சேர்க்க வேண்டும் என்பதை வழக்கமாக்கினால், கையேட்டை எழுதத் தனி ஆள் தேவைப்படாது.

இணைகள் அமைக்க முடியாத அளவுக்குக் குழு பெரிதானால், வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் காணொளி அறையைத் திறந்தே வையுங்கள். நிகழ்ச்சிநிரல் வேண்டாம், ஆளாளுக்குத் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கலாம், ஐயம் வந்தால் கேட்கலாம். கேட்கப்பட்ட கேள்வியையும் கிடைத்த விடையையும் கேட்டவரே கேள்விப் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். படிநிலைகளும் தேர்வுகளும் சான்றிதழும் தேவைப்படும் முறையான பயிற்சியானால் மூடில் என்ற திறமூலக் கற்றல் தளம் ஏற்றது. 2002இல் வெளிவந்து உலகெங்கும் கல்லூரிகளில் புழக்கத்தில் இருக்கும் அதில் தமிழ் இடைமுகமும் உண்டு. ஆனால் அதை நிறுவிப் பேண ஒருவர் தொடர்ந்து நேரம் ஒதுக்க வேண்டும் என்பதால், இருபது முப்பது பேர் கொண்ட குழுவுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

புதியவர் வந்த முதல் நாளில் அவருக்குக் கையேடு முழுவதையும் அனுப்பாதீர்கள். ஒரே ஒரு பக்கத்தை, தெளிவான அச்சும் குறைந்த பிழையும் உள்ளதாகத் தேர்ந்து, அதன் இணைப்பை மட்டும் அனுப்பி, அன்றே முடிக்கச் சொல்லுங்கள். முடித்தவுடன் அதைப் பார்த்து ஒரு வரியாவது எழுதுங்கள். தன் வேலையை யாரோ பார்க்கிறார்கள் என்று முதல் இரண்டு நாட்களில் தெரியாவிட்டால், பெரும்பாலானோர் மூன்றாம் நாள் வருவதில்லை.

கணக்குகளும் காப்புகளும்

குழுவின் விரிதாளும் கோப்புறையும் ஒருவரின் தனிக் கணக்கில் இருப்பதே பல குழுக்களின் நிலை. கூகுள் நிறுவனம் இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிக் கணக்குகளை அவற்றில் உள்ளவற்றோடு நீக்கிவிடலாம் என்ற விதியை 2023 டிசம்பர் முதல் செயல்படுத்தி வருகிறது. உரிமையாளர் விலகினாலோ மறைந்தாலோ, அவர் பெயரில் இருந்த கோப்புகளும் காலப்போக்கில் போகும். குழுவின் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி, கோப்புகளை அங்கே வைத்து, இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, மீட்பு வழிகளை வெவ்வேறு ஊரில் உள்ள இருவரிடம் ஒப்படையுங்கள். கடவுச்சொல்லை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பாமல், பிட்வார்டன் போன்ற கடவுச்சொல் பெட்டகத்தின் வழியே பகிருங்கள். வாட்ஸ்அப், மின்னஞ்சல் குழுமம், காணொளித் தளம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு நிர்வாகிகள் இருக்கட்டும்.

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை விரிதாள், முடிவேடு, நடைக்கையேடு, கேள்விப் பக்கம் ஆகிய நான்கையும் எளிய உரைக் கோப்பாகவும் பிடிஎஃப் கோப்பாகவும் இறக்கி, வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகத்தில் வையுங்கள். வேறொரு நாட்டில் இருக்கும் உறுப்பினர் ஒருவர் அந்தப் படிகளைத் தம் கணினியில் திறந்து பார்த்து, எழுத்துகள் சிதையாமல் வருகின்றன என்று உறுதி செய்த பிறகு, இறக்கிய தேதியையும் பார்த்தவர் பெயரையும் முடிவேட்டில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். அடுத்த ஒருங்கிணைப்பாளர் பொறுப்பேற்கும்போது அவரிடம் முதலில் கொடுக்க வேண்டியவை அந்த வரியில் உள்ள கோப்புகளும் பெட்டகத்தின் அணுகலுமே.